தோமையாரைக் கொன்றது யார்? மயிலை மரபின் அடுக்குகள்

இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான தோமையாரின் பெயர் சென்னையில் மூன்று இடங்களோடு சேர்ந்து வழங்குகிறது. சின்னமலையில் அவர் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் குகை இருக்கிறது. பரங்கிமலை அவர் உயிர் நீத்த இடம் என்கிறார்கள். சாந்தோமில் அவருடைய கல்லறை. இம்மூன்றுக்கும் வருகிறவர்கள் கேட்கும் கதை சுருக்கமானது. கி.பி. 52இல் கொடுங்கல்லூர்க் கரையில் இறங்கினார், கேரளத்தில் ஏழரைப் பள்ளிகளை நிறுவினார், பிறகு கிழக்குக் கரைக்கு வந்து மயிலையில் போதித்தார், 72இல் மலைமேல் செபித்துக்கொண்டிருந்தபோது ஈட்டி பாய்ந்து மறைசாட்சியாக இறந்தார்.

அந்த ஈட்டியை ஏவியது யார்? இந்தக் கேள்விக்கு மரபு ஒரே விடையைத் தரவில்லை. மூன்றாம் நூற்றாண்டுச் சிரிய நூல் அரசனின் வீரர்கள் என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு வெனிஸ் பயணி ஒருவர், மயிலுக்குக் குறிவைத்த வேடன் என்கிறார். பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துகீசியக் காவியம் பிராமணர்கள் என்கிறது. தோமையார் இந்தியாவுக்கு வந்தாரா, வரவில்லையா என்ற வழக்கு நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. அந்த வழக்கின் இரைச்சலில் இந்தச் சிறிய கேள்வியை யாரும் ஊன்றிப் பார்ப்பதில்லை. கொலையாளி மாறிய வரிசையைக் கவனித்தால், மரபில் எது பழையது, எது பின்னால் சேர்ந்தது என்பது துலங்கும். இன்று இந்தக் கதையை ஒரு சமூகத்தின் மீதான குற்றச்சாட்டாக எடுத்தாள்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதும் விளங்கும்.

மூல நூல் சொல்வது

தோமையாரின் இந்தியப் பயணத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விரிவான நூல் ‘தோமாவின் பணிகள்’. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதேசா நகரத்தை ஒட்டிய சூழலில் சிரிய மொழியில் எழுதப்பட்டது. எதேசா இன்று துருக்கியில் உர்ஃபா என்ற பெயரில் இருக்கிறது. திருச்சபை இந்நூலை விவிலியத்தில் சேர்க்கவில்லை. ஆனாலும் கீழை நாடுகளிலும் மேலை நாடுகளிலும் தோமையார் பற்றி எழுந்த எல்லாக் கதைகளுக்கும் ஊற்று இதுதான்.

நூலின்படி, சீடர்கள் உலகைத் தங்களுக்குள் பங்கிட்டபோது இந்தியா தோமாவுக்கு விழுகிறது. போக மறுக்கிறார். ஹப்பான் என்ற வணிகனுக்கு இயேசுவே அவரைத் தச்சு வேலை தெரிந்த அடிமையாக விற்கிறார். குந்தபார் என்னும் அரசன் அரண்மனை கட்டச் சொல்லிப் பணம் கொடுக்கிறான். தோமா அதை முழுவதும் ஏழைகளுக்குப் பகிர்ந்துவிடுகிறார். அரண்மனை எங்கே என்று அரசன் கேட்க, விண்ணுலகில் கட்டியாயிற்று என்கிறார். சினந்த அரசன் அவரைச் சிறையில் அடைக்கிறான். அன்றிரவே இறந்துபோன அரசனின் தம்பி காத், விண்ணில் அந்த அரண்மனையைப் பார்த்துவிட்டு உயிர்பெற்று எழுந்து அண்ணனிடம் சாட்சி சொல்கிறான்.

கொலை நடப்பது இந்த நாட்டில் அன்று. தோமா பிறகு மஸ்தாய் என்ற வேறொரு அரசனின் நாட்டுக்குப் போகிறார். அங்கே அரசனின் உறவினன் காரிஷின் மனைவி மிக்தோனியா அவருடைய போதனையைக் கேட்டு இல்லற உறவைத் துறக்கிறாள். அரசி தெர்த்தியாவும் இளவரசன் விசானும் அவ்வழியே போகிறார்கள். குடும்பங்கள் கலைகின்றன, ஆண்கள் கொதிக்கிறார்கள். மக்கள் தோமாவை மதிப்பதால் நகருக்குள் கொல்ல அரசன் தயங்குகிறான். ஊருக்கு வெளியே மலைக்கு அழைத்துப்போகச் செய்து, நான்கு வீரர்களைக் கொண்டு ஈட்டியால் குத்திக் கொல்விக்கிறான்.

மலை இருக்கிறது, ஈட்டி இருக்கிறது, செபமும் இருக்கிறது. பரங்கிமலைக் கதையின் எலும்புக்கூடு முழுவதும் இங்கேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் மயிலாப்பூர் என்ற பெயரோ, கோயில் பூசாரியோ இதில் இல்லை. கொலைக்குக் காரணம் வழிபாட்டுச் சண்டையும் அன்று. மணவாழ்வைத் துறக்கச் சொன்ன ஒரு துறவியின் மீது அரச குடும்பத்து ஆண்களுக்கு எழுந்த கோபம்தான் காரணம்.

அரசன் பெயரும் அருணகிரியாரும்

குந்தபார் என்ற பெயரை ஐரோப்பிய அறிஞர்கள் நீண்டகாலம் கற்பனை என்றே நினைத்தார்கள். 1830களில் ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் கிடைத்த நாணயங்களில் கொந்தோபரஸ் என்ற பார்த்திய அரசனின் பெயர் வெளிப்பட்டது. பெஷாவர் வட்டாரத்துத் தக்த்-இ-பாஹி கல்வெட்டும் அவனுடைய இருபத்தாறாம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. அதைக் கொண்டு கணக்கிட்டு, அவன் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதியில் தட்சசீலப் பகுதியை ஆண்டான் என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். காலம் தோமையாருக்குப் பொருந்துகிறது.

இதை எப்படி எடைபோடுவது? திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது புதிய கேள்வி ஆகாது. அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே போனதும் கம்பத்து இளையனார் சன்னதி வருகிறது. சம்பந்தாண்டானின் அறைகூவலை ஏற்று அருணகிரிநாதர் பாட, அரசன் பிரபுடதேவராயன் முன்னால் முருகன் தூணில் தோன்றினான் என்பது அந்தச் சன்னதியின் வரலாறு. கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கியதும், அவர் கிளி வடிவாகிக் கிளிகோபுரத்தில் தங்கியதும் அதே வரிசையில் வருபவை. இவற்றுள் வரலாற்றாசிரியர் பிடித்துக்கொள்ளக்கூடிய முளை ஒன்று உண்டு. அருணகிரியார் தம் திருப்புகழ்ப் பாடல் ஒன்றில் பிரபுடதேவ மாராயர் என்று அரசனைப் பெயர் சொல்லியே பாடியிருக்கிறார். அந்தப் பெயரை விஜயநகரத்து இரண்டாம் தேவராயனோடு பொருத்தி, அவர் காலத்தைப் பதினைந்தாம் நூற்றாண்டு என்று வரையறுக்கிறோம்.

அந்தப் பெயர் அருணகிரியாரின் காலத்தைத் தருகிறது. தூணில் முருகன் தோன்றியதை அது நிறுவவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அது பக்தியின் எல்லைக்குள் இருப்பது. ‘தோமாவின் பணிகள்’ நூலையும் இப்படித்தான் படிக்க வேண்டும். எதேசாவில் இருநூறு ஆண்டு கழித்து எழுதியவருக்கு, வடமேற்கு இந்தியாவை ஆண்ட ஓர் அரசனின் உண்மைப் பெயர் கிடைத்திருக்கிறது. பார்த்திய வணிகப் பாதையில் செய்திகள் போய்வந்தன என்பதற்கு அது நல்ல சான்று. தோமையார் வடமேற்கு இந்தியாவுக்கு வந்திருக்கக்கூடும் என்பதற்கு அது இடம் தருகிறது. மயிலைக்கு வந்தார் என்பதை அது காட்டவில்லை. கம்பத்து இளையனார் சன்னதியில் நாம் கடைப்பிடிக்கும் நிதானத்தைச் சாந்தோமிலும் கடைப்பிடிப்பதே நேர்மை.

கடல்வழி திறந்திருந்தது

தென்னிந்தியாவுக்கு வர வழியே இல்லை என்ற வாதம் இன்று எடுபடாது. முதல் நூற்றாண்டில் எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து பருவக்காற்றைப் பிடித்து முசிறிக்குக் கலங்கள் வந்தன. அந்நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்’ முசிறியையும் கிழக்குக் கரைத் துறைகளையும் விவரிக்கிறது. 1945இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது இத்தாலியின் மட்பாண்டங்கள் வந்தன. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறிப்பிடும் மலியார்பா என்ற ஊரை மயிலாப்பூர் என்று பல அறிஞர் அடையாளம் காண்கிறார்கள். பாலஸ்தீனத்து யூதர் ஒருவர் அக்காலத்தில் முசிறியில் இறங்கியிருக்க முடியும், அங்கிருந்து சோழக் கரைக்கும் வந்திருக்க முடியும்.

ஆயினும் முடியும் என்பது வேறு, நடந்தது என்பது வேறு. கேரளத்து நசிராணிகள் தங்கள் முன்னோர் தோமையாரிடமே திருமுழுக்குப் பெற்றதாகத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவருகிறார்கள். 52, 72 என்ற ஆண்டுகளையும் ஏழரைப் பள்ளிகளையும் விரிவாகச் சொல்லும் ரம்பான் பாட்டு, 1601இல் தொகுக்கப்பட்டதாக மரபு கூறும் மலையாளப் பாட்டு. ஒரு சமூகம் இவ்வளவு உறுதியாகக் காத்த நினைவைத் தூக்கி எறிய முடியாது. அதில் வரும் ஆண்டுக் கணக்கை முதல் நூற்றாண்டு ஆவணம் போல எடுத்துக்கொள்ளவும் முடியாது.

எலும்புகளின் பயணம்

‘தோமாவின் பணிகள்’ முடியும் இடத்திலேயே ஒரு செய்தி உண்டு. மன்னன் மஸ்தாய் நோயுற்ற தன் மகனைக் குணப்படுத்த எலும்பு தேடிக் கல்லறையைத் திறக்கிறான். எலும்பு இல்லை, தோமாவின் அடியார்களுள் ஒருவர் அதை மேற்கே எடுத்துப் போயிருந்தார். கல்லறை மண்ணைப் பூசியே மகன் குணமாகிறான்.

நான்காம் நூற்றாண்டில் சிரியக் கவிஞர் எப்ரேம், வணிகர் ஒருவர் இந்தியாவிலிருந்து அந்த எலும்புகளை எதேசாவுக்குக் கொண்டுவந்ததாகப் பாடினார். 384ஆம் ஆண்டையொட்டி எஜேரியா என்ற பெண் பயணி எதேசாவில் அந்தக் கல்லறையைத் தரிசித்து எழுதிவைத்தார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் தூர் நகர ஆயர் கிரகோரி, எலும்புகள் எதேசாவில் இருந்தாலும் உடல் முதலில் கிடந்த இந்திய இடத்தில் ஒரு மடமும் பெரிய ஆலயமும் இருப்பதாக, நேரில் போய்வந்த ஒருவரிடம் கேட்டு எழுதினார். அந்த ஊரின் பெயரை அவர் குறிக்கவில்லை. எதேசாவிலிருந்து எலும்புகள் கியோஸ் தீவுக்கும், அங்கிருந்து 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் போயின. இன்றும் பெரும்பகுதி ஒர்த்தோனாவில்தான் இருக்கிறது.

சாந்தோம் பேராலயத்தில் சிறு எலும்புத் துண்டும் ஈட்டி முனையும் திருப்பண்டங்களாகப் போற்றப்படுகின்றன. 1523இல் போர்த்துகீசியர் கல்லறையைத் தோண்டியபோது எலும்புகளும் ஈட்டி முனையும் மண் நிறைந்த கலயமும் கிடைத்ததாக, பத்தாண்டு கழித்து நடந்த விசாரணையில் சாட்சிகள் சொன்னார்கள். எதேசா மரபும் மயிலை மரபும் ஒன்றையொன்று முட்டுவதாகத் தோன்றலாம். ஆனால் மண்ணைத்தான் மயிலை காலங்காலமாகப் போற்றியது. எலும்பு போன பின்னும் கல்லறை மண்ணுக்கு மகிமை உண்டு என்பதைச் சிரிய நூலே சொல்லிவிட்டது.

கல் பேசும் இடம்

பரங்கிமலை உச்சியில் உள்ள ஆலயத்தின் பீடத்துக்குப் பின்னே சுவரில் சிலுவை செதுக்கிய ஒரு கருங்கல் பதிந்திருக்கிறது. 1547இல் அங்கே சிற்றாலயம் எழுப்ப அடித்தளம் பறித்தபோது கிடைத்தது. சிலுவையின் நான்கு முனைகளும் மொட்டுப்போல விரிகின்றன. அடியில் படிகள், படிகளின் இருபுறமும் மேல்நோக்கி வளையும் இலைகள். மேலிருந்து ஒரு புறா இறங்குகிறது. சுற்றிலும் இரு மகரங்களின் வாயிலிருந்து எழும் தோரணம். சிலுவையைப் பாரசீகக் கிறித்தவர் வரைந்திருக்கிறார்கள், தோரணத்தைத் தென்னகத்துச் சிற்ப மரபு அறிந்த உளி செதுக்கியிருக்கிறது. கிறித்தவம் இந்த மண்ணில் வேரூன்றியதற்கு இதைவிட அழகான ஆவணம் தமிழகத்தில் இல்லை.

தோரண விளிம்பில் ஓடும் எழுத்து வெகுநாள் புதிராக இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் உள்ளூர்ப் படிப்பாளி ஒருவர் அதைத் தோமையாரின் நீண்ட வரலாறாகப் படித்துச் சொன்னார், போர்த்துகீசியரும் நம்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏ.சி. பர்னெல் அது பாரசீகத்தின் பகலவி எழுத்து என்று காட்டினார். பின்னால் வந்த வாசிப்புகளில் பரவலாக ஏற்கப்பட்ட ஒன்று, சஹார்புக்தின் மகன் அப்ராஸ் மீது இரங்குமாறு ஆண்டவரை வேண்டும் சிறு மன்றாட்டு என்கிறது. தோமையார் பெயர் அதில் இல்லை. இதே வாசகம் கொண்ட கற்சிலுவைகள் கேரளத்தில் கோட்டயம், முட்டுச்சிறா, கடமற்றம் ஆகிய ஊர்களிலும் இருக்கின்றன. எழுத்தமைதியைக் கொண்டு அறிஞர் இவற்றை ஏழாம் நூற்றாண்டுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் இடையில் வைக்கிறார்கள். 849இன் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு காட்டும் பாரசீகத் தொடர்புக் கிறித்தவச் சமூகம் இந்தக் காலத்துக்கு ஒத்துவருகிறது.

இந்தக் கல்லைக் கண்டெடுத்தபோது அதன்மேல் செந்நிறக் கறைகள் இருந்தன. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலியின்போது சிலுவை வியர்த்ததாகவும், பின்னரும் பலமுறை அவ்வாறு நிகழ்ந்ததாகவும் ஆலயப் பதிவுகள் சொல்கின்றன. பக்தர்களுக்கு அது மறைசாட்சியின் குருதி. ஆய்வாளருக்கோ, போர்த்துகீசியர் வருவதற்குக் குறைந்தது அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலையில் கிறித்தவர் வழிபட்டார்கள் என்பதே இந்தக் கல் தரும் பெரிய செய்தி. தோமையார் கதையைப் போர்த்துகீசியர் இட்டுக்கட்டினார்கள் என்று சொல்வோர் இந்தக் கல்லுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மயிலுக்கு எய்த அம்பு

1298இல் ஜெனோவாச் சிறையில் மார்கோ போலோ சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூலில், மாபார் என்று வழங்கிய கிழக்குக் கரை நாட்டைப் பற்றிய பகுதி வருகிறது. வணிகர் அதிகம் போகாத ஒரு சிற்றூரில் தோமையாரின் உடல் இருப்பதாகவும், கிறித்தவரும் முகமதியரும் அங்கே திருப்பயணம் போவதாகவும் அவர் சொல்கிறார். கிறித்தவர்கள் அங்குள்ள செம்மண்ணை எடுத்துப்போய்த் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சல்காரருக்குக் கொடுத்தார்கள்.

கொலையைப் பற்றி அவர் கேட்டறிந்தது இது: தோமையார் காட்டில் குடிலுக்கு வெளியே செபித்துக்கொண்டிருந்தார், சுற்றிலும் மயில்கள். கோவி என்ற குலத்தைச் சேர்ந்த ஒருவன் மயிலுக்கு எய்த அம்பு, அவன் பார்க்காத துறவியின் மேல் பாய்ந்தது. அரசன், வீரர், சமயப் பகை எதுவும் இதில் இல்லை. இது ஒரு விபத்து. மயில் நிறைந்த ஊருக்கு மயில் வைத்தே கதை பிறந்திருக்கிறது. 1516ஐ ஒட்டி எழுதிய போர்த்துகீசியர் துவார்த்தே பர்போசாவும் மயில் வேட்டைக் கதையையே கேட்டு எழுதினார். அவர் கேட்ட வடிவத்தில் அம்பு பட்ட பறவை மேலெழுந்து மனித உடலாக விழுகிறது. கரையில் வாழ்ந்த மக்களிடம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிய கதை இதுதான் என்பது இவ்விரு பதிவுகளாலும் உறுதியாகிறது.

போலோவின் பதிவில் இன்னொரு குறிப்பைத் தவறவிடக் கூடாது. முன்னோர் செய்த கொலையால் கோவி குலத்தார் எவரும் அந்தக் கல்லறைக்குள் நுழைய முடியாது, இருபது பேர் சேர்ந்து இழுத்தாலும் அங்கே நிறுத்த இயலாது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். தரையில் அமரும், இறந்த மாட்டின் இறைச்சியை உண்ணும் மக்கள் என்று அவர்களை அவர் வருணிக்கிறார். தெரியாமல் நடந்த ஒரு விபத்தின் பழி, ஊர் ஏற்கெனவே தள்ளிவைத்திருந்த மக்கள் தலையில் விழுந்திருக்கிறது. துறவியின் கல்லறையே அவர்களைத் தள்ளிவைப்பதற்கு நியாயமாகவும் ஆகியிருக்கிறது. கதை யாரைக் குற்றவாளி ஆக்குகிறது என்பதைக் கதை சொல்லும் ஊர்தான் முடிவு செய்கிறது.

பூசாரி வந்த வழி

பூசாரி எங்கிருந்து வந்தார்? ஐரோப்பாவிலிருந்து. ‘தோமாவின் பணிகள்’ லத்தீனில் மறுவடிவம் பெற்றபோது கொலைக் காட்சி மாறியது. அதில் அரசன் தோமாவைச் சூரிய தேவனின் சிலையை வணங்கக் கட்டாயப்படுத்துகிறான். அவர் செபிக்க, சிலை உருகி விழுகிறது. தன் தெய்வத்துக்கு நேர்ந்த அவமானத்துக்குப் பழிவாங்க, கோயிலின் தலைமைப் பூசாரி தோமாவைக் குத்திக் கொல்கிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வொராஜினே தொகுத்த ‘பொற்புராணம்’ இந்த வடிவத்தை ஐரோப்பாவின் ஆலயங்கள் எங்கும் பரப்பியது. எந்த இந்தியக் கோயிலையும் பார்க்காமல், உரோமையரின் சிலை வழிபாட்டை மனதில் வைத்து எழுதிய காட்சி அது.

1517இல் ஆர்மீனிய வணிகர் வழிகாட்ட மயிலைக்கு வந்த போர்த்துகீசியர் அந்தக் கதையைச் சிறுவயதிலிருந்தே கேட்டவர்கள். கையில் கதை இருந்தது. எதிரே கோயிலும் அர்ச்சகரும் இருந்தார்கள். சூரியப் பூசாரி பிராமணராக மாற அதிக நாள் பிடிக்கவில்லை. 1572இல் வெளியான கமோயிஷின் ‘உலூசியதாஸ்’ காவியத்தில், பிராமணர் தலைவன் ஒருவன் தன் மகனைத் தானே கொன்று பழியைத் தோமாவின் மேல் போடுகிறான். இறந்த மகன் எழுந்து தகப்பனைக் காட்டிக்கொடுக்கிறான். கடைசியில் பிராமணர்கள் கல்லெறிய, ஒருவன் ஈட்டியால் குத்துகிறான். கேரளத்து ரம்பான் பாட்டும் மயிலைக் காளி கோயில் பூசாரிகளையே சொல்கிறது.

ஆக, கரையோர மக்கள் சொன்ன கதையில் வேடனின் அம்பு தவறிப் பாய்ந்தது. அதே கரையில் வந்திறங்கிய ஆட்சியாளர்களின் கதையில் அது பிராமணரின் ஈட்டியாயிற்று. இன்று பங்குகளில், வழிகாட்டிப் பலகைகளில், மறைக்கல்வி வகுப்புகளில் ‘பிராமணர் குத்திக் கொன்றனர்’ என்பதே வரலாறாகச் சொல்லப்படுகிறது. மூல நூலில் அது இல்லை. போர்த்துகீசியருக்கு முந்திய மயிலைப் பதிவுகளிலும் இல்லை.

கபாலீச்சரமும் கரையும்

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு குற்றச்சாட்டு இருக்கிறது. கரையில் இருந்த பழைய சிவன் கோயிலான கபாலீச்சரத்தைப் போர்த்துகீசியர் இடித்து, அந்த இடத்தில் சாந்தோம் ஆலயத்தைக் கட்டினார்கள் என்பது அது.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகம் மயிலையின் விழாக்களை மாதந்தோறும் அடுக்குகிறது. மாசி மாதக் கடலாட்டும் அதில் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் திருவண்ணாமலை அருணகிரியார் மயிலை முருகனைப் பாடும்போது அலைசூழ்ந்த கடற்கரையை ஒட்டிய ஊர் என்று பாடுகிறார். இன்றைய கோயிலோ கரையிலிருந்து நன்கு உள்ளே தள்ளி இருக்கிறது. சாந்தோம் வளாகத்தில் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளும் கோயில் கட்டுமானத் துண்டுகளும் கிடைத்துள்ளன. இன்றைய கோயிலின் கட்டடம் போர்த்துகீசியர் வருகைக்குப் பின் எழுந்தது என்பதே பெரும்பாலான அறிஞர் கருத்து. பழைய கோயில் கரையருகே இருந்தது, போர்த்துகீசியர் ஆதிக்கக் காலத்தில் அழிந்தது என்பதற்கு இவை வலுவான அறிகுறிகள். கோவாவில் அவர்கள் கோயில்களை இடித்தது பதிவான வரலாறு. சைவர்களின் இந்த வருத்தத்தைக் கிறித்தவர்கள் பொய் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

ஆனால் இதிலிருந்து கல்லறை மரபே போலி என்ற முடிவு வராது. போர்த்துகீசியர் வருவதற்குமுன்பே, 1322ஐ ஒட்டி வந்த துறவி ஒதோரிக், தோமையார் ஆலயத்தின் அருகில் நெஸ்தோரியக் கிறித்தவர் பதினைந்து வீடுகளில் வாழ்ந்ததை எழுதினார். 1504இல் சிரிய ஆயர்கள் எழுதிய கடிதம் மயிலாப்பூரைப் பெயரிட்டு, அங்கே தோமையாரின் ஆலயத்தைக் கிறித்தவர் சிலர் செப்பனிட்டுவருவதாகச் சொல்கிறது. கபாலீச்சரமும் தோமையார் ஆலயமும் ஒரே கரையில் பல நூற்றாண்டுகள் அடுத்தடுத்து இருந்தன என்பதே இந்தச் சான்றுகளை ஒன்றுசேர்த்தால் கிடைக்கும் படம்.

இரண்டு மரபுகளும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதற்கு ஒரு காட்சி போதும். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் அடங்கிய குடத்தின்முன் நின்று சம்பந்தர் பாட, அவள் எழுந்துவந்தாள் என்று பெரியபுராணம் சொல்கிறது. ‘தோமாவின் பணிகள்’ நூலிலும் பாம்பு தீண்டி இறந்த ஓர் இளைஞன் வருகிறான். தோமா அந்தப் பாம்பையே விஷத்தை உறிஞ்ச வைக்கிறார், இளைஞன் எழுகிறான். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்பதற்குச் சான்று கிடையாது. சாவின் முன்னால் நின்ற மனிதர்கள், எதேசாவிலும் மயிலையிலும், தங்கள் அடியாரிடம் ஒரே வரத்தையே கேட்டார்கள் என்பது மட்டும் உறுதி.

அண்மைக் கால வாதங்கள்

1955இல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத், ஐரோப்பாவின் பல நாடுகள் கிறித்தவம் ஏற்பதற்கு முன்பே தோமையார் இந்தியா வந்தார் என்று தில்லியில் பேசினார். கிறித்தவம் காலனியாட்சியோடு வந்த சமயம் என்ற எண்ணத்துக்கு அது பதிலாக அமைந்தது. 2006 செப்டம்பரில் போப் பதினாறாம் பெனடிக்ட், தோமையார் மேற்கிந்தியா வரை வந்தார், அங்கிருந்து கிறித்தவம் தென்னிந்தியாவுக்குப் பரவியது என்ற பொருளில் பேசியபோது கேரளத்தில் எதிர்ப்பு எழுந்தது. வத்திக்கான் வெளியிட்ட எழுத்து வடிவம் திருத்தப்பட்டது. திருச்சபைக்குள்ளேயே இது முடிந்துபோன வழக்கு அன்று.

1969இல் மு. தெய்வநாயகம் எழுதிய ‘திருவள்ளுவர் கிறித்தவரா?’ என்ற நூல், மயிலையில் வள்ளுவர் தோமையாரிடம் பாடம் கேட்டார் என்ற வாதத்தைக் கிளப்பியது. சிரிய மரபிலோ பழந்தமிழ் மரபிலோ அதற்கு ஓர் எழுத்துச் சான்றும் இல்லை. இருவருக்கும் மயிலையோடு தொடர்பு சொல்லப்படுகிறது என்பதைத் தவிர வேறு பிணைப்பு கிடையாது. குறளையும் இப்படிச் சிறுமைப்படுத்த வேண்டாம், தோமையாரையும் இப்படித் தாங்கிப்பிடிக்க வேண்டாம்.

முடிவாக

சான்றுகளைக் கால வரிசையில் நிறுத்தினால் தெளிவாக நிற்பவை இவை. முதல் நூற்றாண்டில் தோமையார் மயிலையில் இறந்தார் என்பதை நிறுவும் சமகாலச் சான்று இல்லை. வர இயலாது என்று மறுக்கவும் வழியில்லை. பரங்கிமலையில் கிறித்தவ வழிபாடு குறைந்தது ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமை உடையது. தோமையார் கல்லறை என்ற நம்பிக்கை போர்த்துகீசியருக்கு முன்பே இந்தக் கரையில் நன்கு வேரூன்றியிருந்தது. பிராமணர் கொன்றார்கள் என்பது பின்னால் ஏறிய அடுக்கு. அதன் வேர் ஐரோப்பிய லத்தீன் நூலில் இருக்கிறது. கபாலீச்சரத்தின் இழப்பு மெய்யான இழப்பு.

இவற்றிலிருந்து இரண்டு கடமைகள் பிறக்கின்றன. தோமையாரை மறைசாட்சியாகப் போற்றும் கிறித்தவர்கள், கொலைக் காட்சியைச் சொல்லும்போது ஒரு சாதியின் பெயரைச் சொல்வதை நிறுத்த வேண்டும். முதலில் கோவி குலத்தையும் பிறகு பிராமணரையும் பழித்த அந்தப் பழக்கத்துக்கு மூல நூலின் துணை கிடையாது. மயிலைக் கோயிலின் நினைவைக் காக்கும் சைவர்கள், பரங்கிமலைச் சிலுவையைத் தங்கள் மண்ணின் சிற்பமாகவும் பார்க்க வேண்டும். அதன் தோரணத்தைச் செதுக்கியவரின் கை கோயில் வேலை அறிந்த கை. வந்தாரா இல்லையா என்ற வழக்கு இன்னும் பல தலைமுறைகள் நடக்கலாம். அது முடியும்வரை காத்திராமல், யார் மீதும் பழி சுமத்தாமல் இந்தக் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கலாம்.